அகப்பை அன்று, துடுப்பு

கடல் காக்க, கழி காக்க, எம் குடிகளின் கை ஓயாதிருக்க. ஏழு கழிமுகங்களுக்கும் உரியவளும், ஓடம் செலுத்துவோர் மரபில் பிறந்து முடி சூடியவளுமாகிய நெடுங்கழி நாட்டரசி ஆழிநங்கை, மலைவளம் குன்றாத மாகிரிப் பேரரசர் வச்சிரகேதுவின் சமூகத்துக்கு வரையும் ஓலை. தங்கள் நாட்டில் மழை தவறாது பொழிக, ஆநிரை பெருகுக.

தங்கள் திருமுகம் கிடைத்தது. எம் அகப்பைக் கொடியை இறக்கித் தங்கள் களிற்றுக் கொடியை ஏற்ற வேண்டும் என்றும், வரும் முழுநிலவுக்குள் ஏற்றாவிடில் தங்களிடம் பிணையாக இருக்கும் எம் தம்பி கீரனின் தலை உருளும் என்றும் அதில் கட்டளையிட்டிருந்தீர்கள். அதைக் கேட்ட எம் அவையினர் முதலில் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். எம் நாட்டில் அகப்பைக் கொடி என்று ஒன்று இல்லை. பதினொரு நாள் எம் விருந்தினராக இருந்த தங்கள் தூதர், கொடிமரத்தைவிட அடுக்களையையே அதிகம் பார்த்தார் போலும்.

கருநீலத் துணியில் வெண்மையாக இருப்பது முறிந்த துடுப்பின் அகன்ற பாதி. நீலம், எம் முன்னோரை விழுங்க வந்த வெள்ளம். ஓடம் நிறைய மக்களோடு வந்த எம் முதல் அரசியின் துடுப்பு அவ்வெள்ளத்தில் இரண்டாக முறிந்தது. அகன்ற பாதியால் அவள் நீரைத் துழாவ, பிடிப் பாதியால் அவள் தம்பி தரையில் ஊன்றித் தள்ள, ஓடம் கரை சேர்ந்தது. ஒருவரையும் அவர்கள் நீரில் விடவில்லை. வாளும் வேங்கையும் பிறர் கொடிகளில் இருக்கட்டும்; முறிந்த பின்னும் துழாவியதே எமக்குப் பெருமை.

இலச்சினையிலோ இரு பாதிகளும் கயிற்றால் பிணைந்திருக்கும். ஆகவே எம் முத்திரை மோதிரங்களும் இரண்டு. அரியணையில் இருப்பவர் விரலில் ஒன்று, உடன்பிறந்தார் விரலில் மற்றொன்று. இருவரும் தத்தம் கையால் பதித்தாலன்றி எந்த அரச ஓலையும் எம் குடிகளைக் கட்டாது. மறுபாதி கீரன் விரலில் இருக்கிறது. அவன் தலையை எடுத்தால், நெடுங்கழி பணிந்தது என்று ஓலை எழுதித் தர ஒருவரும் இரார்.

அவன் நான் தூக்கி வளர்த்த தம்பி. அஞ்சவில்லை என்று பொய் எழுத மாட்டேன். ஆயினும் கொடி இறங்காது. இன்று காலை முதல் மீன்பிடி ஓடங்களிலும் அதை ஏற்றச் சொல்லிவிட்டேன்.

இனி எம் கட்டளை. இவ்வோலையைக் கீரன் கையில் தருக. கீழே அரக்கில் என் பாதியைப் பதித்து, அதனருகே அவனுக்கு இடம் விட்டிருக்கிறேன். அவன் பதித்தால் இம்மறுப்பு முழுமை பெறும். அவன் பதிப்பான்.

இவை ஆழிநங்கை எழுத்து. அகன்ற பாதி பதிந்தது.

பிடிப் பாதிக்கு விட்ட இடம் இது.