முத்தையாவின் பல் யோசனை

14 ஆகஸ்ட் 1978, திங்கள்

இனி இடது பக்கமாகவே மெல்வதென்று இன்று காலை தீர்மானித்தேன். தோசையிடமிருந்து எதிர்ப்பு வரவில்லை.

என் வலது மேற்பல் பாதி உடைந்ததிலிருந்து உதவியாளன் முத்தையாவுக்குத்தான் தூக்கமில்லை. தேயிலை ஆலையில் தேநீர் ருசி பார்ப்பது என் வேலை. என் இடம் காலியானால் வருபவன் அவன்.

“அண்ணே, மேல் பல்லு எல்லாத்தையும் புடுங்கிட்டு செட்டு கட்டிருங்க லா. ரிங்லெட்ல பல்லு கட்டுறவர்கிட்ட சொல்லி வச்சிட்டேன். தொர மாதிரி சிரிக்கலாம்.”

“ஒரு பல்லுக்கு எதுக்குடா எல்லாத்தையும்?”

“மத்ததும் எப்படியும் போகப்போறதுதானே.”

ஈப்போ பல் நிபுணர் சொன்னதை அவனிடம் சொன்னேன். வேர் நன்றாக இருக்கிறது, உள்ளே சுத்தம் செய்து மேலே உறை போடலாம். முழு செட்டு கட்டினால் அதன் தட்டு அண்ணத்தை மூடிவிடும், தேநீரின் ருசி மங்கும்.

“ஆமாண்ணே, அப்படித்தான் சொல்றாங்க” என்றான். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் பற்கள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன.

பல்லைக் காப்பாற்றுவதென்று முடிவு செய்தேன். அதற்குச் சில வாரங்கள் வியாழன்தோறும் ஈப்போ போய்வர வேண்டும். ஆலை மேலாளர் துரையிடம் விடுப்புக் கேட்டேன், கொடுத்தார்.

வியாழக்கிழமைகளில் முத்தையா ருசி பார்ப்பான்.