அறுபத்தொரு கிலோ

அத்தான்,

உங்கள் எடை மெஷினில் இன்று காலை ஓர் ஆட்டுக்குட்டியை எடை போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அக்காவிடம் கேட்டு வாங்கி, வாசலிலேயே வைத்து முதலில் தான் மட்டும் ஏறி நின்றார். பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். கழித்துப் பார்த்ததில் பதினொரு கிலோ. குட்டிக்கு மறைக்க ஒன்றும் இல்லை. மெஷினைத் துடைத்துத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

மதுரையில் உங்கள் இதயத்தில் அறுவை சிகிச்சை செய்து அனுப்பியபோது ஆங்கிலத்தில் நான்கு பக்கத் தாள் ஒன்றையும் கொடுத்தார்கள். குடும்பத்தில் புத்தகம் படிப்பவன் நான் ஒருவன் என்பதால் அது என் கைக்கு வந்தது. தினமும் காலையில் எடை பார்த்துக் குறிக்கவும் என்று அதில் இருந்தது. குறித்தேன். எதற்காகக் குறிக்க வேண்டும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. தடித்த நாவல்களை இரண்டே நாளில் முடிக்கிறவன், அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

அறுபது கிலோவோடு வீட்டுக்கு வந்தீர்கள். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று ஏறியது. பரீட்சை மார்க்கைப் போல நான் தினமும் உரக்கப் படித்தேன். அக்கா சாமிக்கு விளக்கு ஏற்றினாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், முகம் பூசினாற்போல இருக்கிறது, உடம்பு தேறிவிட்டது என்றார்கள். அறுபத்தைந்தாவது கிலோவில் உங்களால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினீர்கள்.

மதுரையில் டாக்டர் உங்கள் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது. இது சதை இல்லை, தண்ணீர் என்றார். நான் அழகாக எழுதி வைத்திருந்த ஐந்து கிலோவில் ஒரு கிலோகூட நீங்கள் இல்லை.

இரண்டாவது முறை வீடு திரும்பியபோது எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான், மோர் காபி எல்லாம் சேர்த்து. ஆனால் வெயிலில் பஸ் பிடித்து நலம் விசாரிக்க வருகிறவருக்கு மோர் கொடுக்காமல் அனுப்ப முடியுமா? கொடுத்தால், அவர் மட்டும் தனியாகக் குடிப்பாரா?

“நீங்க ஒரு வா குடிங்க அண்ணாச்சி. அப்பத்தான் எனக்கு எறங்கும்” என்றார் கயத்தாற்றிலிருந்து வந்தவர். நீங்கள் யார் மனதையும் நோகடித்ததில்லை. ஒரு நாளில் பதினான்கு பேர், பதினான்கு வாய். மரியாதை எதுவும் குறையாமல் மறுபடியும் மதுரைக்குப் போனீர்கள். அங்கே நர்ஸ் உங்களைப் பார்த்ததும், கட்டிலை உங்கள் பேருக்கே எழுதி வைத்துவிடலாமா என்று கேட்டாள். நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்கவும் மூச்சு வேண்டியிருந்தது.

அதன் பிறகு அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை அங்கேயே பேசி அனுப்பினாள். அறுபத்திரண்டைத் தொட்டால் உடனே கிளம்ப வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. புரட்டாசி வரைக்கும் தொடவில்லை.

புரட்டாசியில் மழை விழுந்தது. நம் ஊர் இடைசெவலைச் சுற்றி எல்லாரும் ஏர் பூட்டினார்கள், டிராக்டர் பிடித்தார்கள். கரிசலின் ஈரம் யாருக்காகவும் காத்திருக்காது. அன்று காலை மெஷினில் ஏறினீர்கள். முள் அறுபத்துமூன்றைத் தாண்டியது. உங்கள் இடது கை மெல்லப் போய்ப் பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்தது. முள் அறுபத்தொன்றுக்கு இறங்கி நின்றது.

அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள், “எம்புட்டுலே?”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். “உளுந்து வெதைக்கணும் மாப்ளே. ரெண்டே நாளு. பொறவு நீ எங்க கூப்பிட்டாலும் வாரேன்.”

“அறுபத்தொண்ணு அக்கா” என்றேன். நோட்டிலும் அதையே எழுதினேன். மறுநாளும் எழுதினேன்.

வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விதைப்பை முடித்தீர்கள். மூன்றாம் நாள் சொன்ன சொல் தவறாமல் வந்தீர்கள். அந்த முறை நானும் அக்காவும் மட்டும் திரும்பினோம். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதுவதில்லை என்றார். சில பேருக்குத் திடீரென்று இப்படி ஆகிவிடும் என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஆம்புலன்சில் பாதி வழி தாண்டும்போது பசித்தது. அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

உளுந்து நன்றாக விளைந்தது. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அக்கா இன்னமும் சொல்கிறாள், “எடை கூடவே இல்லயே. எந்தம்பி தெனமும் பாத்து எழுதியிருக்கான்.” அவர்கள் என்னை மரியாதையாகப் பார்க்கிறார்கள். நானும் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவளிடம் சொல்லிவிடலாம். திட்டுவாள், சில மாதம் பேசமாட்டாள், அதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்த இரண்டு நாளை, அடுப்படியில் நின்ற அவளிடம் கேட்காமல் என்னிடம் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத்தான் எனக்கு வாய் வரவில்லை.