தோள் வலி

1937 ஜூலை 5, திங்கள்

காலையிலிருந்து தூறல். பாவாடை காயவில்லை, ஈரத்தோடே பள்ளிக்கூடம். ஆல்ஜீப்ராவில் இந்த முறையும் கமலாதான் முதல். அவள் பென்சில் சீவும் அழகைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அக்காவுக்கு நாளன்றைக்கு ஆஸ்பத்திரி. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. அம்மா போன பிறகு என்னைத் தங்கவயலிலிருந்து கூட்டி வந்து வளர்ப்பவள் அக்காதான். இந்த வீட்டில் சின்னவள் நான் ஒருத்திதான்.

பக்கத்து வீட்டு ராஜம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து: "சொந்தமா ஒண்ணு வந்துட்டா இவள அப்பன்கிட்டயே அனுப்பிடுவே, இல்லடீ?"

அக்கா சிரித்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

ஜூலை 6, செவ்வாய்

மாமாவின் பழைய வேட்டியை அக்கா சதுரம் சதுரமாகக் கிழித்து, துவைத்து, மடித்து வைக்கிறாள். எதற்கு என்றேன். "சும்மா" என்றாள். என் தாவணிக்கு ஒட்டுப் போடக் கேட்டபோது துணி இல்லை என்றவள்.

பிறக்காத ஒன்றின் மேல் பொறாமைப்பட முடியுமா? முடிகிறது. அதற்குப் போகப்போகிறவை: அக்கா பக்கத்துப் பாய். பால் ஏடு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் மடிப் பக்கம். "பாப்பா" என்ற பேர். அக்கா என்னை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

ஜூலை 7, புதன்

ஆஸ்பத்திரி. வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது, அக்காவுக்கு இங்கிலீஷ் வராது. மாமா உள்ளே வரக் கூச்சப்பட்டு வெளியே பெஞ்சில். ஆகவே நான்.

"இந்தச் சிறு பெண்ணா?" என்றார் டாக்டரம்மா. "ஃபோர்த் ஃபாரம், மேடம்" என்றேன்.

அக்காவின் வயிற்றில் நீளத் தழும்பு. பதினாலு வயசில் குடல்வால் உடைந்து, சீழ் பிடித்து ஆபரேஷன். "அதான் அப்பவே ஆறிடுச்சே" என்றாள். வெளியேதான் ஆறியது என்றார் டாக்டரம்மா. உள்ளேயும் தழும்பு உண்டாம். நூல் நூலாய் வளர்ந்து, கர்ப்பப்பையின் இரு பக்கத்துக் குழாய்களையும் இழுத்து ஒட்டவைத்திருக்கலாமாம். கருமுட்டைக்கு வேறு வழி கிடையாது. நனைந்த புஸ்தகம் காய்ந்தால் தாள் ஒட்டிக்கொள்ளுமே, அப்படி என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப இது என் தப்பு இல்லியா?" என்றாள் அக்கா. அதையும் இங்கிலீஷில் சொன்னேன். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

கீழிருந்து காற்று செலுத்திப் பார்ப்பார்களாம். குழாய் திறந்திருந்தால் காற்று வயிற்றுக்குள் போய்விடும், எழுந்து உட்கார்ந்ததும் வலது தோள் வலிக்கும். காற்று வயிற்றில், வலி தோளில்! ஏன் என்று கேட்க ஆசை. வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பிறகு கூப்பிட்டுச் சொன்னது: காற்று போன மாதிரி இல்லை. பயத்தில்கூடக் குழாய் இறுகும். ராத்திரிக்குள் தோள் வலித்தால் நல்ல சேதி. வலிக்காவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு முறை.

ஜட்காவில் நான் அக்காவின் தோளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் தண்ணீர்க் குடம் தூக்கினாள். இரண்டு கையும் உயர்த்திக் கொடியில் துணி போட்டாள். முகம் சுளிக்கவில்லை. எனக்குள் ஒரே குதி. பாடம் படிக்கிற சாக்கில் உரக்கப் பாடினேன்.

மாமா வாசலிலிருந்து: "என்ன, வலிக்குதா?"

"வலிக்கிற மாதிரிதாங்க இருக்கு."

மாமா எழுந்தே வந்துவிட்டார். "எந்தத் தோளு?"

அக்கா என்னைப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. தமிழில் நான் வெறும் தோள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"வலது தோள்தானேக்கா?" என்றேன்.

"ஆமா, வலதுதான்."

தைலம் தேய்த்துவிட்டேன். எங்கே அழுத்தியும் ஒரு முனகல் இல்லை. அக்கா பொய்யே சொல்லமாட்டாள். எனக்காகக்கூட ஒரு நாளும் சொன்னதில்லை.