பெயர் மட்டும் இருக்கட்டும்

வியாழன், தொண்டி.

இன்று என் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். நான் திருத்தியது, பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதும் கணினி இயங்குதளம் ஒன்றை. அதன் பொது நிரல் நூலகத்தில், தேதியை எழுத்தாக மாற்ற ஐந்து பழைய செயற்கூறுகள், அதாவது ஃபங்ஷன்கள், கிடந்தன. ஐந்துக்கும் தனித்தனியாக நீளமான நிரல். வேலை என்னவோ ஒன்றுதான்.

என் திருத்தத்தைப் பரிசீலித்தவர், "பழையதை அடியோடு நீக்கிவிடுங்கள்" என்றார். நான் மறுத்தேன். எங்கோ ஒரு பழைய மென்பொருள் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கும். பெயர் இல்லையென்றால் நின்றுவிடும். அதனால் பெயர்களை விட்டுவைத்து, ஒவ்வொன்றையும், அந்த வேலையைச் செய்யும் ஒரே புதிய செயற்கூற்றை அழைக்கும் ஒற்றை வரியாக்கினேன். மூன்று வாரம் வாதாடினேன். இன்று அவரே ஒரு பழைய மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் சொன்னதுதான் சரி" என்று எழுதிவிட்டார்.

துபாயிலிருந்து கணவர் அழைத்ததும் சொன்னேன்.

"முந்நூறு வரிய அழிச்சிட்டேன் மச்சான்."

"அழிச்சதுக்கா புள்ள இம்புட்டுச் சந்தோசம்?"

"ஆமா. இம்புட்டு அழிச்சும் ஒண்ணும் நிக்கலைல!"

சிரித்தார். உம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டில் சொல்லப் போய்விட்டார்.

நூலகத்தின் திருத்தப் பட்டியலை நாலு தடவை திறந்து பார்த்துவிட்டேன். என் பெயர் இருக்கிறது. முன்னால் வாப்பாவின் முதலெழுத்தும்.