தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்தவர்கள்

அனுப்புநர்:
சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்த ‘விசில்’ என்பவரின் மனைவி,
தையற்கடைக்கு மேல் மாடி வீடு,
பட்டறைத் தெரு.
(செல்போன் எண் எழுதவில்லை. தேவைப்படுகிறவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.)

பெறுநர்:
உயர்திரு குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
தொலைத்தொடர்புத் துறை அலுவலகம்.

பொருள்: இறந்துபோன என் கணவரின் செல்போனுக்கு நான் பேசி அனுப்புவதை வேறு ஆட்கள் கேட்பது – யார் என்று விசாரித்து நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேலே உள்ள வரிகளை எப்படிப் போட வேண்டும் என்று தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதுகிறவர் சொல்லிக் கொடுத்தார். மீதியைத் தன் போனிலேயே அடித்துத் தருவதாகவும் சொன்னார். போனில் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்களுக்கு முன்னால் இதை யாரும் படிக்கக் கூடாது என்றுதான் கையால் எழுதுகிறேன்.

1. பாய்லர் வால்வில் ஆவி கசிகிறது என்று என் கணவர் மேஸ்திரியிடம் பலமுறை சொன்னார். “கசிஞ்சா கசியட்டும், நீதான் விசில் ஆச்சே, கூடச் சேர்ந்து ஊது” என்று அவர் சிரித்தாராம். என் கணவர் அந்தக் கசிவைப் போனில் படம் எடுத்தார். சாப்பிடும்போது எனக்கும் காட்டினார். தொழிற்சாலை ஆய்வாளரிடம் கொண்டுபோய்க் காட்டப் போவதாகச் சொன்னார். அதற்குள் பாய்லர் வெடித்துவிட்டது. போன் சாப்பாட்டுப் பையோடு வெளியே ஆணியில் தொங்கியது. அது மட்டும் தப்பித்தது.

2. விசாரணைக்கு வேண்டும் என்று அதிகாரிகள் வந்து போனை வாங்கிக்கொண்டு போனார்கள். பட்டறை வாசலில் கூட வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்து நியாயம் கேட்ட நாட்கள் முழுவதும் அது அவர்களிடம்தான் இருந்தது. பிறகு ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வால்வுப் படம் ஒன்றுகூட அதில் இல்லை. கேட்டதற்கு, “எடுத்திருந்தாத்தானேம்மா இருக்கும்?” என்றார் விசாரணை அதிகாரி. என் மகளின் பள்ளிக்கூடப் படம், பக்கத்து வீட்டுப் பூனை படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. வால்வு மட்டும் எங்கே போயிற்று?

3. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இந்த மனுவும் இல்லை. அந்தப் போனை நான் அணைக்கவில்லை. சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, என் போனிலிருந்து அவர் எண்ணுக்குப் பேசி அனுப்புவேன். கேஸ் தீர்ந்தது, மகள் துணிக்கடை வேலைக்குப் போகிறாள், அவர் சட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை, இப்படித்தான். அனுப்பினால் அலமாரிக்குள் ஒரு சத்தம் கேட்கும். எனக்கு அது போதும். கூடவே இருக்கும் என் மகளுக்குக்கூட அப்போது இது தெரியாது. அவர் எனக்குக் கடைசியாக அனுப்பியதும் குரல்தான்: “கதவச் சாத்திடாத, வந்துக்கிட்டே இருக்கேன்.”

4. பிறகு ஒருநாள் கையெழுத்து வாங்க அந்த விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். போகும்போது வாசலில் நின்று ஆறுதலாக, “போனவர்கிட்ட தினமும் பேசிக்கிட்டே இருந்தா மனசு எப்படிம்மா ஆறும்? பொண்ணப் பாருங்க” என்றார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். யார் சொன்னார்கள் ஐயா அவருக்கு? குழாயா?

5. போன் கம்பெனியின் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குப் போனேன். “உங்கள் பேச்சு உங்களுக்கு மட்டுமே” என்று சுவர் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். என் கணவரின் எண்ணை யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண், “கஸ்டமர் நேர்ல வரணும்மா” என்றது. இறப்புச் சான்றிதழை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “சரிம்மா, சார் எப்ப வருவாரு?” என்றது. அதற்குள் மேனேஜர் வந்து, “மன்னிச்சுக்குங்கம்மா. இது அவரோட பிரைவசி. சம்சாரமா இருந்தாலும் நாங்க வெளிய சொல்லக் கூடாது” என்றார்.

அப்படியானால் வேறு யாருக்காவது சொன்னீர்களா என்று கேட்டேன். “அரசாங்கம் கேட்டா குடுக்கணும். குடுத்தோமா இல்லையான்னும் சொல்லக் கூடாது” என்றார். கூடவே வாழ்ந்தவளுக்குக் காட்டாத கண்டிப்பை அந்த அரசாங்கக்காரர்களிடமும் காட்டியிருந்தால், இவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். கஸ்டமர் நேரில் வராமலே அவர்களுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தார்கள்?

6. வேறு வழியில்லாமல் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் என் பிரமை என்று அவள் சொன்னாள். அதனால் சோதித்துப் பார்க்க நினைத்து ஒரு காரியம் செய்தேன். வழக்கம்போலக் குழாயைத் திறந்துவிட்டு, “ஏங்க, நீங்க கழட்டிக் கொண்டாந்த பழைய வால்வ மாடித் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டு வெச்சிருக்கேன். பயப்படாதீங்க” என்று பேசி அனுப்பினேன். அவர் எந்த வால்வையும் கொண்டுவரவில்லை. வேறு யாரிடமும் இதை நான் சொல்லவில்லை.

அந்த வாரமே இரண்டு பேர் வந்தார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். தண்ணீர் பிடிக்க ஒரு பாட்டில்கூட அவர்கள் கையில் இல்லை. தெருவில் இத்தனை தொட்டி இருக்க, நேராக என் தொட்டிக்கு ஏறினார்கள். ஒருவர் சட்டையைத் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டு, அக்குள் நனையக் கையை விட்டுத் துழாவினார். கீழே தையற்காரர் மனைவி, “எங்க தொட்டியிலயும் பாசி புடிச்சிருக்கு, அப்படியே கழுவிட்டுப் போங்கப்பா” என்று குரல் கொடுத்தாள். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கும்போது ஈரக் கையை உதறிக்கொண்டே அந்த ஆள் என்னைக் கேட்டார்: “வேற தொட்டி எதுவும் இருக்காம்மா?”

இப்போது என் மகள் தன் போனைக் குக்கருக்குள் வைத்து மூடிவிட்டுத்தான் என்னோடு பேசுகிறாள்.

7. ஆகவே ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்வது:

அ) என் கணவரின் போனில் புகுந்திருப்பது யார், யார் உத்தரவில் என்று எனக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஆ) அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டு, யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். சொல்ல முடியாது என்றால் சுவரில் எழுதியிருப்பதை அழிக்கச் சொல்ல வேண்டும்.

இ) போனிலிருந்து வால்வுப் படங்களை எடுத்துக்கொண்டவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும். படமே இல்லை என்றவர்கள், இல்லாத வால்வைத் தேடி ஏன் வந்தார்கள் என்றும் விசாரிக்க வேண்டும்.

தங்களையும் நான் முழுதாக நம்பித்தான் எழுதுகிறேன் என்று சொன்னால் அது பொய். இந்தத் தாளைப் போனில் படம் எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். பதிலைத் தபாலில், ஒட்டிய கவரில் அனுப்பவும்.

கடைசியாக ஒன்று. நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம், பேசாமல் இருந்திருக்கிறோம். ஆனால் அவரிடம் நான் பொய் சொன்னதில்லை. தொட்டி விஷயம்தான் முதல் பொய். அது பொய் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுக்கிறேன். இன்னும் யார் கேட்டுக்கொண்டு இருக்கிறார்களோ என்று வைத்துவிடுகிறேன். அன்றிலிருந்து அலமாரியில் சத்தமே இல்லை. இந்த மனுவைப் படித்ததால் தங்களுக்கு உண்மை தெரிந்துவிட்டது. தங்களிடமிருந்து அந்த ஆட்களுக்கும் தெரிந்துவிடலாம். அவர் ஒருவருக்குத்தான் இன்னும் தெரியாது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்ள வழி செய்து கொடுங்கள் ஐயா.

இடம்: பட்டறைத் தெரு
நாள்: மனு வாங்கும் திங்கட்கிழமை

கதவைச் சாத்தாமல் காத்திருக்கும்,
(கையொப்பம்)
‘விசில்’ மனைவி