சக்கரக்காரரிடம் சொன்ன எடை

மார்ச் 3, செவ்வாய்

பின்சக்கரத்தில் இன்னொரு கம்பி போய்விட்டது. ஒரே மாதத்தில் மூன்றாவது. மேம்பாலம் ஏறும்போது 'டிங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சக்கரம் குடித்தவன் மாதிரி ஆட ஆரம்பித்துவிட்டது. பிரேக்கைத் தளர்த்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்து, 5:28க்கு வாசலைத் தொட்டேன்.

ஐந்தரைக்கு நான் முதல் தண்ணீர் மாதிரியைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் நீரேற்று நிலையத்தில் பம்பு ஓடும். முதல் பேருந்து ஆறே காலுக்கு. இவர் இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பவே ஏழு ஆகும். ஆக, பத்தொன்பது கிலோமீட்டருக்கும் தம்பி கொடுத்த பழைய ரேஸ் சைக்கிள்தான் கதி.

ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். மூன்றாவது விழுந்தால் மாதக் கடைசியில் நிரந்தர ஆணை கிடையாது என்று மேலாளர் அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இன்னும் இருபத்தெட்டு நாள். இந்தச் சக்கரத்தை நம்பி எப்படி ஓட்டுவது?

மார்ச் 4

தம்பி போன் செய்தான். "அக்கா, பழைய கார்பன் சக்கரம் ஒரு ஜோடி வந்திருக்கு. அடிமாட்டு விலை. வெயிட்டே இல்ல, பறக்கலாம்."

"பறக்க வேணாம்டா, போய்ச் சேர்ந்தா போதும்."

அவனுக்கென்ன, ஐம்பத்தாறு கிலோ. காற்றடித்தால் காய்கிற துணி மாதிரி பறப்பான்.

மார்ச் 5

ஆசை யாரை விட்டது? போய்ப் பார்த்தேன். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் பிரேக் கட்டை உரசும் இடத்தில் விரலை ஓட்டினால் குழி. தேய்ந்து தேய்ந்து பாதி ரிம் போயேவிட்டது. தம்பியிடம் காட்டினேன். "ஓ" என்றான். ரேஸ் ஓட்டுகிறவனாம்!

மார்ச் 7, சனி

ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஒருவர் கையாலேயே சக்கரம் கட்டித் தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். தம்பியும் கூட வந்தான். எல்லோரும் அவரைச் சக்கரக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்னக் கடை, சுவர் முழுக்க ரிம்கள். என் கையில் இருக்கும் பணத்தைச் சொன்னேன். தலையாட்டினார்.

"உங்க வெயிட் என்னம்மா? பையோட சேர்த்துச் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் எத்தனை கம்பின்னு முடிவு பண்ணணும்."

பக்கத்தில் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், குச்சி குச்சியாக. தம்பி வேறு என் வாயையே பார்த்தான்.

"அறுபத்தி நாலு."

எங்கிருந்து வந்தது அந்த எண்? கல்யாணத்துக்கு முன்னால்கூட அறுபத்து நான்கு இருந்ததில்லை.

"அப்போ இருபத்தெட்டு கம்பி தாராளம். லேசான ரிம்மே போட்டுடலாம். எண்பதுக்கு மேலன்னா முப்பத்தாறு கம்பி, கனமான ரிம். அது கம்மி விலைதான், யாரும் கேக்கறதில்ல."

கம்மி விலை! தலையை ஆட்டிவைத்தேன். ஒரு அட்டையில் '64' என்று எழுதி, என் சக்கரத்தின் நடு அச்சான ஹப்பில் கட்டித் தொங்கவிட்டார்.

மார்ச் 8

இன்று போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கடை விடுமுறை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்

புதுச் சக்கரம். சத்தமே இல்லை. நாற்பத்தெட்டு நிமிடத்தில் போய்விட்டேன். ஒன்றும் ஆகாது போல. எல்லாம் மனப்பிரமை.

மார்ச் 17, செவ்வாய்

மனப்பிரமை இல்லை. பால் பண்ணைத் திருப்பத்தில் கம்பி உடைந்தது. ஒரு நிமிடம் மிச்சம் வைத்துப் போய்ச் சேர்ந்தேன்.

மாலை கடைக்குப் போனேன். உடைந்த கம்பியை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அறுபத்தி நாலு கிலோவுக்கு இது உடையவே கூடாதும்மா. என் கைதான் எங்கயோ தப்பு பண்ணிடுச்சு." காசு வாங்கவில்லை. கும்பிடாத குறையாக மன்னிப்புக் கேட்டார். நானும் 'பரவாயில்லைங்க' என்றேன். பெரிய மனசு பாரேன் எனக்கு!

மார்ச் 20

கடை வழியாக வந்தேன். வேறு யாருக்கோ கட்டி முடித்து வைத்திருந்த சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு நடந்தது அவர்களுக்கும் நடந்துவிடக் கூடாதாம். உள்ளே போகாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு. ஒரே நேரத்தில் இரண்டு கம்பி. சக்கரம் சட்டத்தில் முட்டி நின்றுவிட்டது. நாலு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு நடந்தேன். 6:05. எனக்காகப் பம்பு நின்றிருந்தது.

மேலாளர் அம்மா கத்தவில்லை. அதுதான் பயம். "காரணம்?"

"சக்கரம் கட்டினவர் சரியில்லைங்க."

சொல்லிட்டேன். வாய் கூசவே இல்ல. சீ.

"அப்படின்னா அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. உங்க மேல தப்பில்லன்னா இதைக் கணக்குல எடுக்க மாட்டேன். திங்கட்கிழமைக்குள்ள விளக்கம் வேணும்."

மார்ச் 25

எழுதிக் கொடுத்துவிட்டார். கேட்ட மறுநொடி. 'சக்கரம் உடைந்ததற்கு என் வேலையில் உள்ள குறையே காரணம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தினார். "உங்க வேலைக்கு என்னால ஆபத்து வரக்கூடாதும்மா. இனிமே பஞ்சர் மட்டும் ஒட்டலாம்னு பாக்குறேன். கண்ணும் சரியில்லபோல."

கடிதம் என் பையில் இருக்கிறது. இதைக் கொடுத்தால் வேலை நிரந்தரம்.

மார்ச் 26

தம்பியின் உதவியால் அவனுடைய இன்னொரு சைக்கிளில் போய் வருகிறேன். சோதனைக்குழாயைக் கீழே போட்டேன். இவர் ஏதோ கேட்டார், எரிந்து விழுந்தேன். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கடிதம் கொடுத்தால் என்ன? அவரே சம்மதித்து எழுதியதுதானே? நானா கேட்டு எழுத வைத்தேன் — ஆமா, நான்தான் கேட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

போனேன்.

"எண்பத்தொண்ணு" என்றேன்.

"என்னம்மா எண்பத்தொண்ணு?"

"நான். பை தனியா ஏழு."

கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ என் கை?"

"உங்க கைக்கு ஒண்ணும் இல்லைங்க. நான்தான் பொய் சொன்னேன்."

கத்துவார் என்று தெரியும். கத்தினார். "அஞ்சு சக்கரத்தைப் பிரிச்சேன்! நல்லா இருந்த சக்கரம்! கண்ணு டாக்டர்கிட்ட ரெண்டு மணி நேரம் போய் உக்காந்துட்டு வந்தேன்! ஒரு நம்பரைச் சொல்ல வாய் வரலியா?"

"வரலைங்க."

கடையில் மூன்று பேர். எல்லோருக்கும் என் எடை தெரியும் இப்போது. ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் கொஞ்சம் வலித்தது, என்ன பைத்தியக்காரத்தனம்.

கடிதத்தைக் கேட்டு வாங்கி நான்காகக் கிழித்தார். பிறகு முப்பத்தாறு கம்பிகளை எண்ணி எடுத்து மேசையில் வைத்தார். "முழு விலை. தள்ளுபடி எல்லாம் கிடையாது." அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. கோபத்தையும் மீறி விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 30, திங்கள்

விளக்கம் கொடுத்தேன். 'சக்கரம் கட்டுபவரிடம் என் எடையைப் பையோடு சேர்த்து இருபத்து நான்கு கிலோ குறைத்துச் சொன்னேன். அதனால் கம்பிகள் உடைந்தன. தவறு என்னுடையது.' மேலாளர் அம்மா இரண்டு முறை படித்தார்.

"இருபத்தி நாலா?"

"ஆமாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. திரும்பியபோது பழைய முகம். "நாளைக்கு நிரந்தரம் கிடையாது. மூணு மாசம் நீட்டிக்கிறேன். அதுல ஒரே ஒரு நிமிஷம் தாமதமானாலும் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த லெட்டரைக் குடுத்திருந்தா நாளைக்கே முடிஞ்சிருக்கும்ல?" என்றார். முடிந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, என்கிட்ட எழுபதுன்னுதானே சொன்னே?" என்றார். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

ஏப்ரல் 2

கனமான சக்கரம். ஏற்றத்தில் உயிர் போகிறது. ஐம்பத்து நாலு நிமிடம். காது இன்னும் 'டிங்'கைத் தேடுகிறது.

மே 19

மழை, குழி, எல்லாம். ஒன்றும் ஆகவில்லை. இருந்தும் தினமும் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

ஜூலை 1, புதன்

ஆணை வந்துவிட்டது. நிரந்தரம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் முன் சக்கரக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கி, முதல் எழுத்திலிருந்து முத்திரை வரை படித்தார். பிறகு நடுவில் ஓரிடத்துக்குத் திரும்பிப் போய் விரலை வைத்தார். 'நீட்டிக்கப்பட்ட காலத்தில் ஒரு நாளும் நேரம் தவறாமல் பணிக்கு வந்துள்ளார்.'

"இந்த வரி என்னோடதும்மா" என்றார்.