நான்காம் எண் கைகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. கம்பெனி கொடுத்த இந்த டைரியின் முதல் பக்கத்தில் 'அலுவலகக் குறிப்புகளுக்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கிறது. அலுவலகத்தில் நான் குறிப்பதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஒரு மாதமாக இது வெறுமையாகக் கிடக்கிறது. காகிதம் வீணாவது அம்மாவுக்குப் பிடிக்காது. அதனால் சொந்தக் கதையை எழுதுகிறேன். யாராவது கேட்டால் பேனா எழுதுகிறதா என்று பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பீங்கான் கோப்பைத் தொழிற்சாலை. கீழே, கோப்பைகளைக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் கூடம். அங்கே இருபத்தொரு வருஷமாக அம்மா. மேலே, கண்ணாடிச் சுவர் வைத்த குளிர்ந்த அறை. அங்கே மூன்று மாதமாக நான். நடுவில் பதினெட்டுப் படிகள். அம்மா ஒரு தடவையும் ஏறியதில்லை.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். வீட்டில் இருப்பதே இரண்டு பேர் என்பதால், ஐம்பது சதவீதம் பட்டதாரிகள் என்று பெருமையடித்துக்கொள்ளலாம்.

நான் அவள் மகள் என்று மேலே யாருக்கும் தெரியாது. அம்மாவின் ஏற்பாடு. "மேல சொல்லாதடி. அப்புறம் உன்னையும் பொட்டி அடுக்கச் சொல்லிடுவாங்க." ஆனால் கீழே எல்லாருக்கும் தெரியும். அம்மா பக்கத்து மேஜை அக்காவிடம் மட்டும்தான் ரகசியமாகச் சொன்னாளாம். அந்த அக்காவுக்குப் பட்டப்பெயர் ரேடியோ.

பிப்ரவரி 11, புதன்

என் வேலை என்ன என்று அம்மா கேட்டாள். "கை பாக்குற வேலைம்மா" என்றேன். "ஜோசியமா?" என்றாள். கை செய்வதில் எது வேலை, எது வீண் என்று எழுதுவேன் என்று விளக்கினேன்.

ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். படத்தில் முகம் வராது, கை மட்டும். கைகளுக்குப் பேர் கிடையாது, எண்தான். படத்தை ஓடவிட்டு, எந்த நொடியில் கை என்ன செய்கிறது என்று நான் குறிக்க வேண்டும். எடுத்தல், திருப்பிப் பார்த்தல், சுற்றுதல், வைத்தல், சரிசெய்தல். இதில் எதிலும் சேராதது எல்லாம் 'வீண்'. மூக்கைச் சொறிந்தால் வீண். ரேடியோ அக்கா கையை ஆட்டிக் கதை சொன்னால் நீண்ட வீண். இந்தக் குறிகளை வைத்துத்தான் வரப்போகிற இயந்திரக் கைக்குப் பாடம் நடத்துவார்களாம்.

இன்று நான்காம் எண் கைகள் வந்தன. வலது கட்டைவிரலில் தோசைக்கரண்டி அளவு - இல்லை, அவ்வளவு பெரிது இல்லை - ஒரு நகம் அளவுக்குச் சூட்டுத் தழும்பு. எனக்கு வெந்நீர் வைக்கும்போது அம்மாவுக்குப் பட்டது. முகம் இல்லாவிட்டால் என்ன.

ஆறு கோப்பை ஒரு பெட்டி. ஆறாவதை வைத்ததும் அந்தக் கை மேஜை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றி இரண்டு நொடி நிற்கிறது. பிறகு அடுத்த பெட்டி. மறுபடி ஆறு, மறுபடி இரண்டு நொடி. இரண்டு வருஷமாக அந்த மணிக்கட்டில் வலி. கீழே மேற்பார்வை பார்க்கும் விசில்காரர் இதற்காகவே ஊதுவார். "மேஜை என்ன தலகாணியா?"

விதிப்படி அது 'வீண்'. ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி, எத்தனை வீண்! விரல் அந்தப் பொத்தானுக்குப் போகவில்லை. 'சரிசெய்தல்' என்று அழுத்தினேன். எல்லாப் பெட்டிக்கும் அப்படியே. வேலைக்குச் சேர்ந்து நான் செய்த முதல் தவறு, அதுவும் இவ்வளவு ஒழுங்காக.

பிப்ரவரி 24, செவ்வாய்

எங்கள் அறைப் பொறியாளரை நான் மனசுக்குள் கண்ணாடி சார் என்று கூப்பிடுகிறேன். முகத்தில் கண்ணாடி, சுற்றிலும் கண்ணாடி. இன்று முடிவுகளைத் திரையில் போட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நாலாம் நம்பரைப் பாருங்க. ஒரு நொடி வீண் இல்லை. இது மனுஷக் கையே இல்லைங்க!"

எனக்குக் காது வரை சூடு ஏறியது. சந்தோஷம்தான். அவர் அடுத்த வாக்கியம் சொல்லும் வரை.

"மத்த கையெல்லாம் தூக்கிப் போடுங்க. மெஷினுக்கு இந்த ஒரு கையை மட்டும் கத்துக்கொடுத்தா போதும்."

மார்ச் 6, வெள்ளி

அம்மாவுக்குச் 'சிறந்த கைகள்' பரிசு. சட்டம் போட்ட ஒரு புகைப்படம், கைகள் மட்டும். வீட்டில் எங்கே மாட்டுவது என்று ஒரு மணி நேரம் தேடினோம்.

"இருபத்தொரு வருஷத்துல ஒரு போட்டோ எடுத்தாங்க, அதுலயும் மூஞ்சிய விட்டுட்டாங்க" என்றாள். ஆனாலும் மூன்று தடவை துடைத்தாள்.

திங்கள்கிழமையிலிருந்து அவளுக்கு ஒயர் வைத்த கையுறை. அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் கை அசைவதெல்லாம் அப்படியே மெஷினுக்குள் போய்விடுமாம். ரேடியோ அக்காவுக்குப் பொறாமை. "உனக்கென்னம்மா, கல்யாணப் பொண்ணு மாதிரி கையுறை!"

மார்ச் 16, திங்கள்

சாப்பிடும்போது அம்மா சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏண்டி, அந்த மெஷின் என் வேலையைக் கத்துக்கிட்டா, நான் என்ன பண்ணுவேன்?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையில் தெரியும். திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

"உங்க சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். மேல கூட்டிப் பெருக்குற வேலைன்னாலும் பரவால்ல. அம்மான்னு சொல்ல வேணாம், தெரிஞ்சவங்கன்னு சொல்லு."

"நேரம் பாத்துக் கேக்கறேம்மா."

மார்ச் 17, செவ்வாய்

கேட்கவில்லை. அவர் போனில் இருந்தார்.

மார்ச் 19, வியாழன்

கேட்கவில்லை. அவருக்கு ஜலதோஷம். மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிற மனுஷரிடம் போய் வேலை கேட்பது நியாயமா?

மார்ச் 25, புதன்

கேட்பதற்கென்றே எழுந்து போனேன். "என்னங்க?" என்றார். "ஜன்னலைத் திறக்கட்டுமா சார்?" என்றேன். அந்த அறையில் ஜன்னல் கிடையாது.

ஏப்ரல் 8, புதன்

இயந்திரக் கை வந்துவிட்டது. ரிப்பன் வெட்டினார்கள். அதற்கு ஊழியர் எண்ணெல்லாம் உண்டு. எனக்கு இன்னும் தற்காலிக அட்டைதான்.

ஓடவிட்டார்கள். கோப்பையை எடுத்தது, திருப்பிப் பார்த்தது, சுற்றியது, வைத்தது. ஆறாவதை வைத்ததும் மேஜை விளிம்பில் இரும்பு மணிக்கட்டை ஊன்றி இரண்டு நொடி நின்றது.

வலியே இல்லாத ஒன்று, அம்மாவின் வலியை அப்படியே பிசகாமல் செய்கிறது.

"இது ஏன் நிக்குது?" என்று முதலாளி கேட்டார். கண்ணாடி சார் பெருமையோடு சொன்னார்: "சரிசெய்தல் சார். சமநிலைக்காக. தானாவே கண்டுபிடிச்சிருக்கு." எல்லாரும் கை தட்டினார்கள். விசில்காரரும் தட்டினார். இதே இரண்டு நொடிக்கு இரண்டு வருஷமாக ஊதியவர், இன்று விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தட்டினார்.

ஏப்ரல் 20, திங்கள்

முப்பத்து நான்கு பேருக்குக் கடிதம். மொழி சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று என்னிடம் கொடுத்தார்கள். முரட்டுத்தனமாக இருந்தது. மூன்று வாக்கியத்தைத் திருத்தினேன். 'உங்கள் சேவை இனித் தேவையில்லை' என்பதை, 'உங்கள் கைகள் கற்றுத்தந்தவை எங்களோடு என்றும் இருக்கும்' என்று மாற்றினேன். கடைசியில் 'நன்றியுடன்' சேர்த்தேன். அழகாக வந்திருக்கிறது என்றார்கள்.

அப்போதும் கேட்கவில்லை.

ஏப்ரல் 22, புதன்

அம்மா கடிதத்தை எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, முழுவதும் படித்தாள். பிறகு மடித்துப் புகைப்படச் சட்டத்துக்குப் பின்னால் செருகினாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. யாரோ படிச்ச புள்ள எழுதியிருக்கு."

நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். கேட்டாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 14, வியாழன்

வாசல் டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டார். "என்ன பண்றதும்மா, மெஷின் டீ குடிக்க மாட்டேங்குது."

சாயங்கால பஸ் நின்றுவிட்டது. கூட்டம் இல்லையாம். நானும் இப்போது நடைதான்.

மேலே இன்று ஒரு கூட்டம் போட்டார்கள். லேசாகக் கோணிய இரண்டாம் தரக் கோப்பைகள் கிடங்கில் மலையாகக் குவிந்துவிட்டன. இத்தனை வருஷமும் தானாகத் தீர்ந்துகொண்டிருந்தன, இப்போது ஏன் தீரவில்லை? ஒருவருக்கும் புரியவில்லை. விளம்பரம் செய்யலாமா என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மாதா மாதம் அதைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போனது கீழே இருந்த பெண்கள்தான் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே நேராக நிற்கிற கோப்பை ஒன்றுகூடக் கிடையாது. சொல்லவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை.

ஜூன் 9, செவ்வாய்

இயந்திரக் கைக்கு ஒரு குறை. கோப்பையின் காது இம்மி பிசகியிருந்தாலும் உடைத்துவிடுகிறது. உடைந்த சில்லு உள்ளேயே கிடந்தால் அடுத்த கோப்பையும் போகும். மெஷினை நிறுத்தாமல் சில்லைப் பொறுக்கி எடுக்க ஆள் வேண்டும். ஓடுகிற கைக்கு நடுவே கையை விட யாரும் தயாராக இல்லை. ஒருத்தருக்கு விரல் நசுங்கப் பார்த்தது.

ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரர் வீட்டுக்கே வந்து அம்மாவைக் கூப்பிட்டார். பாதிச் சம்பளம். வேலைக்குப் பேர் 'மெஷின் உதவியாள்'.

"அது என்கிட்ட கத்துக்கிட்டுச்சு, இப்ப நான் அதுக்கு உதவியா?" என்றாள். ஆனாலும் போகிறாள். வேறென்ன செய்வது.

ஜூன் 16, செவ்வாய்

கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தேன். அம்மா அதன் எதிரில் நின்று ஒரு பெட்டி முழுக்கக் கவனித்தாள். ஆறாவது கோப்பை. இரும்புக் கை விளிம்பில் ஊன்றி நின்றது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அடுத்த ஆறாவதுக்குக் காத்திருந்து, அந்த இரண்டு நொடிக்குள் கையை விட்டுச் சில்லை எடுத்துவிட்டாள்.

விசில்காரர் அசந்துவிட்டார். "எப்படிம்மா?" என்று கேட்டாராம்; ராத்திரி அம்மா சொன்னாள்.

"அது எப்ப இளைப்பாறும்னு எனக்குத் தெரியாதா?"

மேலே அந்த இரண்டு நொடியை நீக்கிவிட ஒரு திட்டம் இருந்தது. இன்று கைவிட்டார்கள். அது இல்லாவிட்டால் சில்லை எடுக்க முடியாது.

ஜூன் 17, புதன்

சாப்பிடும்போது அம்மா கேட்டாள்.

"நான் கை ஊன்றதை வேலைன்னு எழுதுனது யாருடி?"

தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அதனால்தான் அவள் கை முதலாவதாக வந்தது, அதனால்தான் அவள் கையே மெஷினுக்குப் போனது. கடிதத்தையும் சொன்னேன்.

அம்மா தட்டை ஒதுக்கிவைத்தாள். பிறகு:

"அது வேலைதான்னு இத்தனை வருஷத்துல நீ ஒருத்திதான் எழுதியிருக்க. ஆனா ஏண்டி, அதை மெஷின்கிட்ட போயா சொல்லணும்? விசில்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

பட்டப்படிப்பில் இது வரவில்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

படங்களைத் தானாகவே குறிக்கும் ஒரு மென்பொருளைக் கண்ணாடி சார் காட்டினார். நான் குறித்ததையெல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். சோதித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு கை மேஜையில் ஊன்றி நின்றது. 'சரிசெய்தல்' என்று எழுதியது. என் பொய்யைக்கூட விட்டுவைக்கவில்லை.

"எவ்வளவு துல்லியம் பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன் என்றேன்.

செப்டம்பர் 4, வெள்ளி

எனக்கும் கடிதம். 'உங்கள் கைகள் கற்றுத்தந்தவை எங்களோடு என்றும் இருக்கும்.' என் மூன்று வாக்கியங்களும் அப்படியே இருந்தன. நன்றியுடன்.

பெறுகிற இடத்திலிருந்து படித்தால் அவ்வளவு அழகாக இல்லை.

செப்டம்பர் 5, சனி

அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு வரி எழுத்துக் கூட்டியதுமே நிமிர்ந்தாள். "இதை நான் படிச்சிருக்கேனே" என்றாள். சட்டத்துக்குப் பின்னால், தன்னுடையதோடு சேர்த்துச் செருகினாள்.

இரண்டாவது இயந்திரக் கை வருகிறதாம். அதுவும் ஆறுக்கு ஒரு தடவை நிற்கும். அதற்கும் ஓர் உதவியாள் வேண்டும். அம்மா யாரைச் சொல்கிறாளோ அவரைத்தான் எடுப்பேன் என்கிறாராம் ஒப்பந்தக்காரர். ரேடியோ அக்கா மூலமாகத் தெரிந்தது, ஆகவே ஊருக்கே தெரியும்.

செப்டம்பர் 8, செவ்வாய்

கேட்கவில்லை. அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 10, வியாழன்

கேட்கவில்லை. அம்மாவுக்கு ஜலதோஷம்.

செப்டம்பர் 12, சனி

அந்த வேலை ரேடியோ அக்காவுக்குத்தான் என்று ஒதுங்கியிருந்தேன்; அவள் கேட்க வரப்போவதில்லை. அவளுக்கு அவள் தங்கை ஊரில் வேலை கிடைத்துவிட்டது. இனி எனக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

அம்மா, இந்தப் பக்கத்தைத் திறந்து உன் கோணல் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன். மெதுவாக எழுத்துக் கூட்டிப் படி, ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வருவேன். முதல் பக்கத்தில் அச்சடித்திருப்பதற்கு மரியாதையாக, இதுவாவது அலுவலகக் குறிப்பாக இருக்கட்டும். நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்று நீ சொன்னால், அது நான் சொல்லிக்கொடுத்ததுதான், கோபப்பட மாட்டேன்.

அந்த ரெண்டாவது மெஷினுக்கு, கான்ட்ராக்டர்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்றியாம்மா? தெரிஞ்சவங்கன்னு வேணாம். பொண்ணுன்னே சொல்லு.